மெஷின் பை

சந்தனமேரியின் நுரையீரல் போன வருடம் பழுதுபட்டுவிட்டது. அன்றிலிருந்து மூக்கில் குழாயும் தோளில் ஆக்சிஜன் மெஷினுமாகத்தான் மணமேல்குடிக்குள் நடமாடுகிறாள். இன்று அந்த மெஷினோடு, சிங்கப்பூரில் இருக்கும் மகளைப் பார்க்கப் பிளேன் ஏறப் போகிறாள்.

மெஷின் பையை ஏர்போர்ட்டில் லக்கேஜ் எடையில் சேர்க்க மாட்டார்கள் என்ற செய்தி எப்படியோ தெருவுக்குள் பரவிவிட்டது. கார் வந்து நிற்பதற்குள் கருவாடும் ஊறுகாயுமாக ஆளாளுக்குப் பொட்டலத்தோடு கூடிவிட்டார்கள். எல்லோருக்கும் சிங்கப்பூரில் ஒரு பிள்ளை இருந்தது.

"ஓரமா சொருகிக்கங்கக்கா, வெயிட்டே தெரியாது" என்று பக்கத்து வீட்டு ஜெபமாலை பையின் ஜிப்பை இழுத்தாள்.

சந்தனமேரி அவள் கையை விலக்கினாள். மூச்சு நிதானப்படும்வரை பொறுத்துச் சொன்னாள்:

"போன வருசம் இந்த மெஷினப் பாத்ததும் நான் பொழைக்க மாட்டேன்னு சர்ச்சு சாமியாரக் கூட்டியாந்து எனக்குக் கடைசி எண்ணெய் பூச வச்சது நீதான்டி. இப்ப அதே மெஷின் ஒங்கருவாட்டச் சொமக்கணுமா?"

புருஷன் குழந்தைசாமி பையை வாங்கக் கை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை. தானே தோளில் மாட்டிக்கொண்டு முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். பொட்டலங்களோடு தெருவே நின்று பார்த்துக்கொண்டிருந்தது.

"ஏசி போட்ருக்கு, கண்ணாடிய ஏத்திக்கங்கம்மா" என்றார் டிரைவர்.

"தெரு முடியட்டும்" என்றாள் சந்தனமேரி.