மக்கள் குப்பை

பல்கலைக்கழகத்தில் அவருக்கு மக்கு என்று பெயர். நிலைத்த வாழ்வு என்ற பாடத்தை நடத்துகிறவர். முதல் வகுப்பில் எது மக்கும், எது மக்காது, எது மக்குவதுபோல் நடிக்கும் என்று மணி அடிக்கும்வரை விளக்கினார். மணி அடித்தபோது மாணவர்கள் பெயர் வைத்து முடித்திருந்தார்கள். வீட்டில் அவருடைய அக்காவும் சின்ன வயதிலிருந்தே அவரை அப்படித்தான் கூப்பிடுகிறாள். அது வேறு காரணத்துக்காக.

முன்வாசலை ஒட்டி, அலுவலகக் கட்டடத்தின் காலடியில், அவரும் மாணவர்களும் ஒரு குழி வெட்டியிருந்தார்கள். எதிர்த்தெருக்காரர்கள் காய்கறித் தோலையும் சருகையும் கொண்டுவந்து அதில் போட வேண்டும். மாணவர்கள் கிளறிக் கிளறி உரமாக்க வேண்டும். உரம் அதே தெருவின் மாடித் தொட்டிகளுக்குத் திரும்பிப் போக வேண்டும். காகிதத்தில் இது வட்டமாக அழகாகச் சுற்றியது. தெருவில் ஒருவரும் அசையவில்லை. கேன்டீனிலிருந்து வந்த வெங்காயத் தோல் அந்தக் குழிக்கு யானைப் பசிக்குச் சோளப்பொரி. பசி முற்றிய நிலையில், ஒரு மாணவி ஓரமாகக் கழற்றி வைத்த தோல் செருப்பை அது விழுங்கிவிட்டது. மறுநாள் பிளாஸ்டிக் கொக்கி மட்டும் மேலே வந்து கிடந்தது. மக்காத பொருளை அது தொடாது. அந்த விஷயத்தில் மிகவும் கண்டிப்பான குழி.

டீன் அவரைக் கூப்பிட்டார்.

"தெரு வரலேன்னா உங்க நிலைத்த வாழ்வு இந்த வருஷத்தோட நின்னுடும் சார். குழியை மூடி ஸ்கூட்டர் நிறுத்திக்கலாம்."

"அப்ப நான்?"

"பழையபடி புள்ளியியல் எடுங்க."

மக்கு நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். புள்ளியியல் எடுத்த காலத்தில் தன் குரலைக் கேட்டுத் தானே நின்றபடி தூங்கியவர் அவர். வகுப்பு ஏற்கெனவே தூங்கியிருந்ததால் சாட்சி இல்லாமல் போயிற்று.

வீட்டுக்கு வந்து அக்காவிடம் கெஞ்சினார். எதிர்த்தெருவிலேயேதான் வீடு, அக்கா சொன்னால் தெரு கேட்கும்.

"ஒரே ஒரு வாளி கொண்டு வாக்கா. நீ வந்தா எல்லாரும் வருவாங்க."

"என்ன தீஞ்சுது, என்ன வீணாச்சுன்னு உன் பிள்ளைங்க கிளறிப் பாக்கறதுக்கா? என் வீட்டு மானம் வாளியிலதான்டா இருக்கு. போடா மக்கு."

அக்காவின் கணவர் எழுந்து உட்கார்ந்தார். பெயர்ப்பலகை எழுதுகிறவர். ஆனால் அவர் வாழ்நாளில் பாதியைத் தேர்தல் சுவர்கள்தான் சாப்பிட்டன.

"ஜனங்களுக்குப் பெருசா எழுதிக் காட்டணும் மச்சான். வாயால சொன்னா எவன் கேப்பான்? என்ன எழுதணும், சொல்லு."

"ஒண்ணுல மக்கும் குப்பை, இன்னொண்ணுல மக்காத குப்பை. அவ்வளவுதான் மாமா."

"இதுக்கா ஒரு வருஷம் பாடம் நடத்துற?"

மாமாவின் கை வேகமான கை. ஒருமுறை அவர் சுவரில் எழுதி முடித்த பிறகுதான் கட்சிக்காரர்கள் வேட்பாளரை முடிவுசெய்தார்கள். அப்படிப்பட்ட கைக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. 'மக்' என்று தொடங்கினால் 'கள்' என்று முடிக்கத்தான் அதற்குத் தெரியும்.

காலையில் மதில்மேல், தெருவைப் பார்த்து, ஆளுயரச் சிவப்பு எழுத்துகளில் இரண்டு பலகைகள் நின்றன. ஒன்றில், எப்படியோ தப்பிய 'மக்காத குப்பை'. மற்றதில் 'மக்கள் குப்பை'.

மக்கு வந்து பார்ப்பதற்குள் தெரு பார்த்துவிட்டது.

"படிச்ச திமிரைப் பாத்தியா? நம்மளைக் குப்பைன்னு எழுதி வச்சிருக்கான்!"

"குப்பைன்னா எப்படி இருக்கும்னு காட்டிட்டு வரலாம், வாங்கடி!"

ஊர்வலமாக வந்தார்கள். வாளி, கூடை, உடைந்த பக்கெட், ஒரு தொட்டில். முன்னால் வந்தது அக்கா. எழுதியவர் தன் கணவர் என்பது அவளுக்குத் தெரியும். அதனால் இரண்டு வாளி. வாசலில் நின்ற தம்பியின் காலடியில் முதல் வாளியைக் கவிழ்த்தாள்.

மன்னிப்புக் கேட்கத்தான் மக்கு வாயைத் திறந்தார். கண் குப்பைமேல் போய்விட்டது. வாயில் வந்தது வேறு.

"அக்கா... அந்த ஈரத்தை நடுவுல போடேன். மேல கொஞ்சம் சருகு."

"எதை எங்க போடணும்னு எனக்கே சொல்லித் தரியா?" என்று கத்திக்கொண்டே அவள் இரண்டாவது வாளியை நடுவில் போட்டாள். மேலே சருகையும் போட்டாள்.

மறுநாளும் கோபம் தீரவில்லை. மறுநாளும் வந்தார்கள். வாரக்கடைசிக்குள் கோபத்துக்கு ஓர் ஒழுங்கு வந்திருந்தது. முட்டை ஓட்டை நொறுக்கிப் போட்டுவிட்டுத் திட்டினார்கள். பிளாஸ்டிக் பை கொண்டுவந்த கடைசி வீட்டுக்காரரை, "கோவத்தை ஒழுங்கா காட்டத் தெரியாதா உனக்கு?" என்று திருப்பி அனுப்பினார்கள்.

குழி சூடேறியது. காவலாளி அதன்மேல் டீக்கு வெந்நீர் வைத்தார். அந்த ஆவியில் அவர் வழுக்கையில் முடி முளைத்ததாகச் சொல்வார்கள். அது மிகை, புருவம் மட்டும்தான் அடர்ந்தது. யாரோ போட்ட பூசணி விதை முளைத்து, சுவரைப் பிடித்து ஏறி, மூன்றாம் மாடி ஜன்னல் வழியாக டீன் அறைக்குள் புகுந்தது. டீன் விடுப்பு முடிந்து வந்தபோது அவர் நாற்காலியில் ஒரு பூசணிக்காய் உட்கார்ந்திருந்தது. அலுவலக வேலை எதுவும் தடைப்பட்டிருக்கவில்லை.

டீன் கீழே இறங்கி வருவதை மக்கு பார்த்தார். பலகை இன்னும் அப்படியே இருந்தது. மாமாவை ஏணியோடு இழுத்துவந்தார்.

"சீக்கிரம் அழிச்சு மாத்துங்க மாமா!"

மாமா ஏணியில் கால் வைத்ததும் தெரு மொத்தமும் ஏணியைப் பிடித்துக்கொண்டது.

"எங்க பேரை எதுக்கு அழிக்கிறே?" என்றாள் அக்கா. "யாரு குப்பைடா இது? எங்க குப்பை. மக்கள் குப்பை. சரியாத்தானே எழுதியிருக்கு?"

"நான் எழுதினா தப்பு வருமா?" என்றார் மாமா, ஏணியில் இருந்தபடியே.

டீன் கூட்டத்தைப் பார்த்தார். குழியைப் பார்த்தார். அண்ணாந்து பூசணிக்கொடியைப் பார்த்தார்.

"ஸ்கூட்டருக்கு வேற இடம் பாத்துக்கலாம்," என்றார். "பாடம் நடக்கட்டும். எல்லாரும் நில்லுங்க, ஒரு போட்டோ எடுத்துடலாம்."

தெரு முழுக்க 'மக்கள் குப்பை' பலகையின் கீழ் அடைத்துக்கொண்டு நின்றது. மக்குவை அக்கா நடுவில் இழுத்துக்கொண்டாள். டீனுக்கு அங்கே இடமில்லை. பக்கத்துப் பலகையின் கீழ்தான் இருந்தது. தாராளமாக இருந்தது.

படம் பல்கலைக்கழகத்தின் ஆண்டுமலரில் வந்திருக்கிறது. எழுத்துகள் தெளிவாக விழுந்திருக்கின்றன. டீன் சிரித்தபடி தனியாக நிற்கிறார்.