வெடிப்பில் விழுந்த ராடு

கழுகுமலை முருகன் சாட்சி. இதில் ஒரு சொல் பொய்யென்றால் சொன்ன நாக்கில் கரையான் ஏறட்டும்.

தங்கசாமி மாஸ்டர் கோவில்பட்டி மெல்லிசைக் குழுவில் ஸ்டீல் கிட்டார் வாசித்தவர். கடைவீதியில் அவர் எதிரே வந்தால் சைக்கிள்காரர்கள் இறங்கித் தள்ளிக்கொண்டு போவார்கள். வாத்தியத்தை மடியில் மல்லாக்கப் போட்டு, வலது கையால் தந்தியைச் சுண்டுவார். இடது கையில் விரல் நீள எஃகுத் துண்டு. குழுவில் அதற்கு ராடு என்று பெயர். அதைத் தந்திமேல் வழுக்கவிட்டால் மனுஷன் அழுகிற மாதிரியே சத்தம் வரும். மணியாச்சிப் பக்கம் ஒரு கல்யாணத்தில் ரயில் கூவுவதுபோல இழுத்தார். ஜங்ஷனில் நின்ற கூட்ஸ் வண்டி பதிலுக்குக் கூவிவிட்டு நகர்ந்தது. விளாத்திகுளம் கோயில் கொடைத் திருவிழாவில் சோகப்பாட்டு வாசித்ததில், சனம் அழுத கண்ணீரில் களத்தில் காய்ந்த மிளகாய் வற்றல் நனைந்து போய், மறுபடி வெயிலில் போட வேண்டியதாயிற்று. அதோடு வற்றல் வியாபாரிகள் அவருக்குச் சோகப்பாட்டைத் தடை செய்தார்கள்.

பக்கத்தில் உட்கார்ந்து பாங்கோஸ் என்கிற இரட்டைக் கொட்டு அடித்தவர் கொம்பையா. தாளத்தில் புலி. மற்றபடி பல்லி கத்தினால் வேட்டியை இறுக்கிக் கட்டுகிற ஆள்.

மாஸ்டர் சித்திரையில் செத்துப்போனார். சுடுகாடு கரிசல் காட்டுக்கு அந்தப் பக்கம். வெயிலில் கரிசல் வாய் பிளந்து கிடந்தது. ஆட்டுக்குட்டி விழுந்தால் அது கத்தின சத்தம் மறுநாள்தான் மேலே வந்து சேரும், அவ்வளவு ஆழம்.

பாடையைத் தூக்குவதற்கு முன்னால் மாஸ்டர் மனைவி சொர்ணத்தாய் ராடைக் கொண்டுவந்து அவர் கைக்குள் வைத்தாள்.

"கொம்பையா அண்ணாச்சி, போற வரைக்கும் இது அவிய கையில இருக்கட்டும். தீ வைக்கதுக்கு முன்னால எடுத்து வச்சிக்கிடுங்க. கருமாதி அன்னைக்கு அவிய படத்துக்கு முன்னால வைக்கணும்."

"ஆகட்டும்மா."

"மறந்துராதீங்க. வீட்டு இரும்பு சுடுகாட்டுப் பக்கம் தங்கப்பிடாது. தங்குனா உரியவிய, விட்டுட்டு வந்தவனத் தேடி வருவாவ."

கொம்பையா அப்போதே வேட்டியை இறுக்கிக் கட்டினார்.

கொள்ளி வைத்தாயிற்று. ராடு கொம்பையாவின் உள்ளங்கையில் பத்திரமாக இருந்தது. சுடுகாட்டிலிருந்து திரும்புகிறவன் திரும்பிப் பார்க்கக் கூடாது. சின்னப்பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். எல்லோரும் முன்னால் போக, கொம்பையா கடைசியில் வந்தார். பாதிக் காட்டில் பின்னாலிருந்து ஒரு குரல்.

"ஏலே கொம்பையா!"

'யா'வை மேலிருந்து கீழே அப்படி வழுக்கிக் கூப்பிட ஊரில் ஒரே ஒருத்தரால்தான் முடியும். அவர் அப்போது எரிந்துகொண்டிருந்தார்.

கொம்பையா துள்ளிக் குதித்தார். ராடு பின்பக்கமாகத் தெறித்து வெடிப்புக்குள் போனது. எடுக்க வேண்டுமானால் திரும்ப வேண்டும். திரும்பினால் கூப்பிட்டவரைப் பார்க்க வேண்டும். கொம்பையா வெறுங்கையோடு நடந்தார்.

அன்றுமுதல் உச்சிப்பொழுதானால் சத்தம் கேட்க ஆரம்பித்தது. முதலில் கரிசல் பக்கத்திலிருந்து, ஒரு இழுப்பு மட்டும். பிறகு தெருமுனை விளக்குக் கம்பத்து இழுவைக் கம்பியில். கருமாதிக்கு முந்தின நாள் கொம்பையா வீட்டு முற்றத்துக் கொடிக்கம்பியே அழுதது. அதில் காய்ந்த சேலைகள் ஓரமாக ஒதுங்கி வழிவிட்டன.

"சீனித்தாயி, கேக்குதா?"

"கேக்குது. நீங்க பல்ல நறநறன்னு கடிக்கது நல்லாவே கேக்குது," என்றாள் பெண்டாட்டி. "தாளந் தப்பாம பாங்கோசு அடிக்கிற கைதான இது? சோத்த தட்டுக்கு வெளியே போடுதீங்க."

"நாளைக்கு ராடு இல்லாம படத்தத் தொறந்தா மாஸ்டர் நேரா இங்கனதாம்ட்டி வருவாரு."

"வந்தா உக்காரச் சொல்லுங்க. நல்ல மனுசன், ஒரு வாய் காப்பி குடிக்காமலா போவாவ?"

இவளிடம் பேசிப் புண்ணியமில்லை. கொம்பையா பழைய ஸ்பீக்கரை உடைத்தார். உள்ளே இருந்த காந்தத்தைக் கிணற்றுக் கயிற்றில் முடிந்து தோளில் போட்டுக்கொண்டு கரிசலுக்குப் போனார். மேலே ஒரு காக்கை இல்லை. காய்ந்து நின்ற பருத்திமார்க் குச்சிகூட அசையவில்லை. வெடிப்பு அன்றைக்குப் பார்த்ததைவிட அகலமாக இருந்தது.

உள்ளே பார்க்கத் தைரியமில்லாமல், முகத்தை வடக்கே திருப்பிக்கொண்டு காந்தத்தை இறக்கினார். கயிறு போய்க்கொண்டே இருந்தது. கிணற்றுத் தண்ணீரைத் தொடும் அளவும் தாண்டிப் போனது. அப்புறம் 'டக்'கென்று ஏதோ ஒட்டியது. கொம்பையா இழுத்தார்.

கீழேயிருந்தும் இழுத்தார்கள்.

முரட்டு இழுப்பு இல்லை. தந்தியில் சுரத்தை அசைப்பதுபோல மெல்ல, விட்டு விட்டு. கயிறு விறைத்து, அதிலிருந்து அந்த அழுகை எழுந்து கொம்பையாவின் முழங்கை வழியாக ஏறிப் பல்லுக்குள் போய் நின்றது. விட்டுவிட்டு ஓடலாம். ஓடினால் நாளைக்கு அவரே வீட்டுக்கு வருவார்.

"மாஸ்டர், நாந்தான். விட்டுருங்க. உங்க வீட்டுல ராடைக் கேக்குதாவ."

"சுருதி ஏறிப் போச்சுல. கயித்தக் கொஞ்சம் தளத்து."

பூமிக்குள்ளிருந்து வந்தது அந்தக் குரல். கச்சேரி நடுவில் சொல்கிற அதே எரிச்சல். கொம்பையா கயிற்றைத் தளர்த்தினார்.

"இப்ப சரியா மாஸ்டர்?"

கயிறு லேசானது. மளமளவென்று இழுத்தார். காந்தத்தில் ராடு ஒட்டிக்கொண்டு வந்தது. எடுத்து வேட்டி மடிப்பில் செருகி, திரும்பிப் பார்க்காமல் ஓடினார். வீட்டு வாசல்வரை பின்னால் ஒரு பாட்டு முழுசாக வந்தது.

மறுநாள் படத்தைத் திறந்தார்கள். குழுவில் எல்லோரும் வந்திருந்தார்கள். மாலைக்குக் கீழே கிட்டாரைப் படுக்க வைத்திருந்தார்கள். கொம்பையா ராடைச் சொர்ணத்தாயிடம் நீட்டினார். இனி மாஸ்டர் தேடி வரமாட்டார் என்று மூச்சு விட்டார்.

சொர்ணத்தாய் அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். கண் நிறைந்தது.

"அண்ணாச்சி, இது இன்னும் சுடுதே. இப்பத்தான் வாசிச்சு வச்சாப்புல."

கொம்பையா அதற்குப் பிறகு கரிசல் காட்டுப் பக்கம் தனியாகப் போனதே இல்லை. அங்கிருந்த தன் நிலத்தை உழக்கூட ஆள் விட்டார்.

மாஸ்டர் செத்த அந்த வருஷம் பங்குனியில் பிடித்த கோடைமழை சித்திரை முடியும்வரை விடவில்லை; கரிசல் முழுக்கச் சேறாகக் கிடந்தது, விரல் நுழைய ஒரு வெடிப்பு இல்லை. இதுவும் முருகன் சாட்சிதான்; என் நாக்கில் இன்னும் கரையான் ஏறவில்லை.