கிழக்குக் கரையில் யாரும் போன் செய்யவில்லை

அரசு வைத்த பெயர் நீளமானது. சதுப்பு நில உயிரினப் பாதுகாப்புத் துறை, கிளை அலுவலகம் என்று பலகையில் இரண்டு வரிக்கு எழுதியிருக்கும். ஊர் அதைப் பாம்பாபீஸ் என்று சுருக்கிக்கொண்டது. என் அக்காவின் கணவர் அங்கே கள உதவியாளர்.

மூன்று ஆட்கள், ஒரு ஜீப், ஒரு கைப்பேசி. அவ்வளவுதான் அலுவலகம். மழைக்கு முன்னால் கால்வாயின் இரண்டு கரைகளிலும் வீடு வீடாகப் போவார்கள். கழிவுநீர்க் குழாய் சுவரில் நுழையும் இடத்தில் சந்து இருந்தால் கம்பி வலை வைத்துச் சிமெண்ட் பூசுவார்கள். கொல்லையில் பலகை அடுக்கியிருந்தால் தரையிலிருந்து தூக்கி வைக்கச் சொல்வார்கள். மழையில் கால்வாய் நிரம்பினால் சதுப்பிலிருக்கும் தண்ணீர்ப் பாம்புகள் மேடு தேடி வீடுகளுக்குள் வந்துவிடும். விஷம் கிடையாது. ஆனால் குளிக்கப் போன இடத்தில் பாம்பைப் பார்க்கிறவர் விஷப்பல் இருக்கிறதா என்று குனிந்து பார்த்துவிட்டா அலறுவார்? கையில் கிடைத்ததை எடுத்து அடிப்பார். அடிக்காமல் போன் செய்தால் அத்தான் போய்ப் பிடித்துவந்து சதுப்பில் விடுவார்.

நான் படிப்பைப் பாதியில் விட்டவன். பிறகு குளிர்பதனக் கிடங்கில் பார்த்த இரவு வேலையையும் விட்டுவிட்டு, அக்கா வீட்டு மாடி அறையில் பகலெல்லாம் தூங்கிக்கொண்டிருந்தேன். சிமெண்ட் குழைக்க ஆள் வேண்டும் என்று அத்தான்தான் எழுப்பிக் கூட்டிப்போனார். அதே சமயத்தில்தான் தலைமையகத்திலிருந்து மதிப்பீட்டு அதிகாரி வந்து சேர்ந்தார். இந்த அலுவலகத்துக்குப் பொதுப்பணத்தைக் கொட்டுவதில் பிரயோசனம் உண்டா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். அதுதான் அவருக்கு இட்ட வேலை.

ஊரில் பாதிப்பேர் அவர் வருவதற்கு முன்பே தீர்ப்பை எழுதிவிட்டார்கள். அந்தக் காசுக்கு ஒவ்வொரு பாம்புக்கும் தனித்தனியாக வாடகை வீடு பிடித்துக் கொடுத்துவிடலாம் என்றார் டயர் கடைக்காரர். அத்தான் அதை வீட்டில் சொல்லிச் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. அலுவலகத்தை மூடினால் அத்தானைத் தலைமையகத்துக்கு மாற்றிவிடுவார்கள். அது ஒரு முழு நாள் பயணம். அக்கா அப்போதுதான் இந்த ஊர் ஆஸ்பத்திரியில் தலைமைச் செவிலியர் ஆகியிருந்தாள். பல வருடம் காத்திருந்து, தன்னைவிட இளையவர்கள் இரண்டு முறை முந்திக்கொண்டு போனதைப் பார்த்துக்கொண்டிருந்து வாங்கிய பதவி. அத்தானோடு போனால் அது போகும். போகாவிட்டால் ஆளுக்கொரு ஊரில் குடித்தனம்.

அந்த அதிகாரியை எனக்குப் பிடித்திருந்தது. அவருக்கு எதிலும் முன்முடிவு இருந்ததாகத் தெரியவில்லை. எல்லாரையும் கேள்வி கேட்டார். என்னிடமும் கேட்டார், சிமெண்டில் எலி வாய் வைக்குமா என்று. எனக்குத் தெரியாது என்றேன். அதைக் கேட்டுச் சந்தோஷப்பட்ட மாதிரி இருந்தது. அக்கா அவருக்குக் கணக்கம்மா என்று பெயர் வைத்தாள்.

கணக்கம்மாவின் சிக்கல் இதுதான். அலுவலகத்துக்கு வரும் போன்கள் வருடத்துக்கு வருடம் குறைந்துகொண்டே வந்திருந்தன. முன்கூட்டியே சந்துகளை அடைப்பதால் பாம்பு வரவில்லை என்றும் சொல்லலாம். பாம்பே குறைந்துவிட்டது, அடைப்பது வீண் வேலை என்றும் சொல்லலாம். இரண்டில் எது என்று அலுவலகத்தில் யாருக்கும் தெரியவில்லை. அடைக்காமல் விட்டுப் பார்த்ததே இல்லையே.

"அப்ப விட்டுத்தான் பார்க்கணும்," என்றார் அவர். "இந்த வருஷம் ஒரு கரையை மட்டும் அடைங்க. இன்னொண்ணைத் தொடாதீங்க. போன் வந்தா மட்டும் ரெண்டு பக்கமும் போங்க. எந்தப் பக்கம் அதிகம்னு பார்ப்போம்."

எந்தக் கரை என்பதை யாரும் சொந்த விருப்பத்துக்குச் சொல்லக்கூடாது என்று மேசைமேல் ஒரு நாணயத்தைச் சுண்டினார். கிழக்குக் கரையைத் தொடக்கூடாது என்று விழுந்தது.

அந்தப் பக்கத்து ஜனங்கள் கேட்டால் என்ன சொல்வது என்று அத்தான் கேட்டார்.

"நிதி இல்லைன்னு சொல்லுங்க. அது என்னிக்குமே பொய்யா இருந்ததில்லையே."

மேலாளர்கூடச் சிரித்தார். ஓய்வு பெற ஒரு மழைக்காலமே மீதமிருந்த மனிதர் அவர். எங்கள் வீடு கிழக்குக் கரையில் இருக்கிறது. அதை நானும் சொல்லவில்லை, அத்தானும் சொல்லவில்லை. மறைக்கவில்லை. அதற்கும் இதற்கும் சம்பந்தம் இருப்பதாகவே எங்களுக்குத் தோன்றவில்லை.

அக்காவுக்குத்தான் முதலில் உறைத்தது. எங்கள் குளியலறைக் குழாயைச் சுற்றி விரல் நுழையும் அளவுக்குச் சந்து விட்டிருந்தது.

"நம்ம வீட்டுக்குமா?"

"நம்ம வீடு என்ன கால்வாய்க்கு நடுவுலயா இருக்கு?" என்றார் அத்தான்.

அக்கா ஒரு பழைய துணியைச் சுருட்டி அந்தச் சந்தில் திணித்தாள். அத்தான் குளிக்கப் போனபோது அதை உருவிக்கொண்டு வந்து அவள் முன்னால் வைத்தார். மற்ற வீட்டுக்காரர்கள் எப்போதும்போல விட்டுவிடுவார்கள், இவள் மட்டும் உள்விஷயம் தெரிந்து அடைப்பது நியாயமில்லை என்றார். பாம்பாட்டியைக் கட்டிக்கொண்டால்கூட மகுடியாவது மிஞ்சும் என்று அக்கா சுவரிடம் சொன்னாள்.

நானும் அத்தானும் மேற்குக் கரை முழுவதையும் அடைத்தோம். குப்புறப் படுத்து, குழாய்க்குப் பின்னால் கைவிட்டுச் சிமெண்ட் அப்பும் வேலை. முழங்கை தேய்ந்துபோகும். இதெல்லாம் வீணாக இருந்தால் எப்படியிருக்கும் என்று அடைக்கும்போதே யோசித்தேன். அப்படி நினைப்பது எனக்கு வருத்தமாக இல்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் இருந்தது.

மழை பிடித்துக்கொண்டது. கால்வாய் கரை தட்டியது. மேற்கிலிருந்து எப்போதாவது ஒரு போன் வந்தது. அதில் ஒன்று, கிழிந்த தோட்டக் குழாய். கிழக்கிலிருந்து ஒன்றுகூட வரவில்லை.

மேலாளர் தன் மேசையைக் காலி செய்ய ஆரம்பித்தார். அக்கா வேலை முடிந்து வந்ததும் முதல் கேள்வி, கிழக்கிலிருந்து போன் வந்ததா என்பதுதான். வரவில்லை என்றால் அடைத்தாலும் அடைக்காவிட்டாலும் ஒன்றுதான் என்று ஆகிவிடும். பிறகு எதற்கு அலுவலகம்? ஊரில் எல்லாரும் பாம்பு வரக்கூடாது என்று நினைப்பார்கள். எங்கள் வீட்டில்தான் யார் வீட்டுக்காவது வந்து தொலைக்காதா என்று காத்துக்கொண்டிருந்தோம். எங்கள் குளியலறைக்கே ஒன்று வந்தது. அத்தான் அதை வாளியில் எடுத்துக்கொண்டு போனார். ஊழியர் வீட்டுப் பாம்பு கணக்கில் சேராது என்று சொல்லிவிட்டார்.

எங்கள் வீட்டுக்கு வந்த பாம்புக்கு மற்ற வீட்டு வழி தெரியாதா? அடுத்த விடுமுறை நாளில் கிழக்குக் கரையில் நடந்தேன். பக்கத்து வீட்டுத் தையல்காரம்மாவிடம்தான் முதலில் கேட்டேன்.

"வராம என்ன? போன வாரம் மெஷினுக்கு அடியில சுருண்டு கெடந்துச்சு. மிதிக்கப் போனேன்."

"போன் பண்ணலையா?"

"போனா? எதுக்கு? சுவத்துல எட்டிப் பார்த்து ஒரு குரல் குடுத்தேன். உங்க அத்தான் பனியனோட வந்து எடுத்துட்டுப் போச்சு."

முடிதிருத்துபவர் வீட்டில் இரண்டு முறை. அவர் அத்தானைத் தெருமுனையில் மடக்கிக் கூட்டிப்போயிருக்கிறார். பள்ளிக்கூட வாட்ச்மேன் வீட்டில், மாவு மில்காரர் வீட்டில், அதற்கப்பால் பெயர்ப்பலகை இல்லாத ஒரு பச்சை வீட்டில். எல்லா இடத்திலும் பாம்பு வந்திருந்தது. எல்லா இடத்துக்கும் அத்தான் போயிருந்தார். ஒருவரும் போன் செய்யவில்லை. பாம்பு பிடிக்கிறவர் பக்கத்திலேயே குடியிருக்கும்போது எவன் போனைத் தேடுவான்?

அத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கேட்டேன். அவர் ஒளித்து வைத்ததாகத் தெரியவில்லை. நான் கேட்டதுதான் அவருக்கு விசித்திரமாக இருந்தது.

"அது எப்படி மச்சான் வேலையாகும்? ஜீப் எடுக்கல. யூனிபார்ம் போடல. அக்கம்பக்கத்துல கூப்பிட்டாங்க, போனேன். அரசாங்கத்துக்கு ஒரு பைசா செலவில்ல. அதைக் கொண்டுபோய் அரசாங்கக் கணக்குல எழுதினா திருட்டுத்தனம்."

அக்கா கரண்டியைக் கீழே வைத்தாள். 

மாடியில் படுத்து அதையே புரட்டிக்கொண்டிருந்தேன். அத்தான் சொன்னதில் தப்பில்லை. ஒரு ஆளும் ஒரு வாளியும் போதுமென்றால் ஜீப் எதற்கு, பலகை எதற்கு? டயர் கடைக்காரர் கேட்பதும் அதைத்தானே. ஆனால் அத்தான் இங்கே குடியிருப்பதே அந்தப் பலகை இருப்பதால்தான். அதைக் கழற்றினால் வாளி இருக்கும், ஆள் இருக்கமாட்டார். இதில் எது செலவு, எது இலவசம் என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை.

கணக்கம்மா அந்த வாரம் வந்தபோது எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அத்தான் பக்கத்தில்தான் நின்றார். கணக்கம்மா கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, இன்னொரு தடவை முதலிலிருந்து சொல்லச் சொன்னார்.

"காசைச் சுண்டினேனே, நீங்க எங்க குடியிருக்கீங்கன்னு ஒரு வார்த்தை கேட்டேனா?" என்று தன் நெற்றியில் தட்டிக்கொண்டார்.

பிறகு கிழக்குக் கரை முழுக்க என்னோடு நடந்தார். தையல் மெஷினுக்கு அடியில் எட்டிப் பார்த்தார். பச்சை வீட்டுக் குழாயில் விரலை விட்டுப் பார்த்தார். எங்கள் வீட்டுக்கும் வந்தார். முடிவைச் சொன்னார். கேட்டதையெல்லாம் நம்புகிறார், ஆனால் எழுத முடியாது. அத்தானை இந்தத் தெருவுக்குப் பிடித்திருக்கிறது. அவருக்காக இல்லாத பாம்பைக்கூட இருந்தது என்பார்கள். தலைமையகத்தில் அதைத்தான் முதலில் கேட்பார்கள். போன விஷயம் போனதுதான்.

"இன்னும் மழை பாக்கி இருக்கு. இனிமே வர்றது போன்ல வரட்டும்."

"சுவத்துக்கு அந்தப் பக்கம் நிக்கிறவங்களைப் போன் பண்ணுங்கன்னு சொல்றதா மேடம்?"

"ஆமா."

"எனக்கு அது வாயில வராது."

"எனக்கு வரும்," என்றாள் அக்கா.

அடுத்த பெருமழை இரண்டு நாள் விடாமல் பெய்தது. ஓய்ந்த காலையில் சுவருக்கு மேல் தையல்காரம்மாவின் தலை தெரிந்தது. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒன்று நிற்பதாகவும் அத்தான் உடனே வர வேண்டும் என்றும் சொன்னார். அத்தான் வாளியை எடுத்துவிட்டார். அக்கா வாசற்படியில் குறுக்கே நின்றாள்.

"ஆபீசுக்குப் போன் பண்ணுங்கக்கா."

தையல்காரம்மாவுக்கு விளங்கவில்லை. அக்காவையும், அவளுக்குப் பின்னால் வாளியோடு நிற்கும் அத்தானையும் மாறி மாறிப் பார்த்தார்.

"புருஷன் பொண்டாட்டிக்குள்ள சண்டையா?"

"சண்டையெல்லாம் இல்ல. போன் பண்ணுங்க."

"உனக்கு ரவிக்கை தைக்கிறப்ப நான் டோக்கன் குடுத்தா உக்கார வெச்சேன்?"

அக்கா அசையவில்லை. முகம் மட்டும் சிவந்துபோயிருந்தது. எண்ணை ஒவ்வொன்றாகச் சுவரைத் தாண்டிச் சொன்னாள். தையல்காரம்மா திட்டிக்கொண்டே அழுத்தினார். அத்தானின் சட்டைப்பையில் ஆபீஸ் போன் மணி அடித்தது.

அவர் அதை எடுத்துப் பார்த்தார். எங்கள் யாரையும் பார்க்கவில்லை.

"பாதுகாப்புத் துறை. சொல்லுங்க."

"சொல்றேன், உன் தலை!" என்பது போனிலும் சுவர் மேலும் ஒரே நேரத்தில் கேட்டது.

"எந்தக் கரைங்க?"

அதற்கு அந்த அம்மா சொன்ன பதிலை எழுத முடியாது. அத்தான் கிழக்கு என்று எடுத்துக்கொண்டார். யூனிபார்ம் சட்டையை மாட்டினார், பொத்தான்களை முழுக்கப் போட்டார், வாசல் வழியாகச் சுற்றிக்கொண்டு போனார். நான் வாளியோடு பின்னால் போனேன். பாம்பு பொறுமையாக அங்கேயே இருந்தது.

திரும்பும்போது தையல்காரம்மா அத்தானை நிறுத்தினார். குரல் இறங்கியிருந்தது.

"நான் போன் பண்ணாட்டி வந்திருக்க மாட்டே, அப்படித்தானே?"

 சுவருக்கு எங்கள் வீட்டுப் பக்கத்திலிருந்து அக்காதான் பதில் சொன்னாள்.

"இன்னிக்கு வந்திருப்பாரு. அடுத்த வருஷம் வர இங்க ஆளே இருக்க மாட்டாரு. போன் வரலைன்னு ஆபீசை மூடப்போறாங்கக்கா."



"அதை முதல்லயே சொல்லித் தொலைச்சா என்ன?" என்றார் தையல்காரம்மா. "தெரு பூரா என்னை நாறடிச்சுட்டு."

உள்ளே போய்விட்டார். ஆனால் அவரிடம் ஒரு விஷயம் போனால் அது எங்கெங்கே போகும் என்று எங்களுக்குத் தெரியும். வெளிச்சம் இருக்கும்போதே போன் அடித்தது. அத்தான் எடுத்தார். அக்கா அவர் தோளுக்குப் பக்கத்தில் வந்து காதைக் கொடுத்தாள்.

முடிதிருத்துபவர்தான். பாம்பு வந்தது என்றார். எங்கே நிற்கிறது என்று அத்தான் கேட்டார். இப்போது இல்லை, நேற்று வந்தது, தானாகவே போய்விட்டது என்றார் அவர். எழுதிக்கொள்ளுங்கள் என்றார்.

அக்கா தலையை வேகமாக ஆட்டினாள். எழுதச் சொல்லித்தான்.

"நேத்து வந்ததுக்கு இன்னிக்குப் போன் பண்ணக்கூடாதுங்க," என்றார் அத்தான். "வந்தா வந்தவுடனே பண்ணுங்க."

போனை வைத்துவிட்டுச் சட்டையைக் கழற்றப் போனார். அக்கா அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னிடம் வானத்தைப் பார்த்துவிட்டு வரச் சொன்னாள். மாடிக்கு ஏறினேன். சதுப்புக்கு மேலே நன்றாகவே கறுத்திருந்தது.