நேராக வந்த நுமானோ

பதினொரு வருஷம் மண்ணில் புரண்ட பிறகு, தெத்சுமினே மேலே போக ஒரே ஓர் இடம் காலியாக வேண்டியிருந்தது. அந்த இடத்தில் இருப்பவன் யாரென்று பார்த்தால், இவனே தினமும் யாருக்கு இடுப்புத் துணி கட்டிவிடுகிறானோ அந்த ஹயாசே. வயிறு எரியாமல் என்ன செய்யும்?

சுமோவில் சம்பளம் என்பது இரண்டாம் அடுக்கிலிருந்துதான். அதற்குக் கீழே இருப்பவன் முப்பது வயதானாலும் எடுபிடிதான். தெத்சுமினேவுக்கு முப்பத்தொன்று. மூன்றாம் அடுக்கின் உச்சியில் நின்று, பதினைந்து நாள் போட்டியில் கீழடுக்குக்காரர்களுக்கு விதித்த ஏழு ஆட்டங்களையும் பதின்மூன்றாம் நாளிலேயே முடித்துவிட்டான். நாலு வெற்றி, மூன்று தோல்வி. இனி மேலேயிருந்து ஒருவன் விழுந்தால்தான் இவன் ஏற முடியும். விழ வேண்டியவர்களெல்லாம் கடைசி நேரத்தில் எப்படியோ ஜெயித்துத் தப்பிவிட்டார்கள். மிச்சமிருந்தவன் ஹயாசே மட்டும். இரண்டாம் அடுக்கின் கடைசி வரி, ஏழு வெற்றி, ஏழு தோல்வி. பதினைந்தாம் நாள் ஜெயித்தால் இருப்பான், தோற்றால் இறங்குவான்.

அவன் வேறு பயிற்சிக் கூடத்துக்காரனாக இருந்திருந்தால் கோதாவில் நேருக்கு நேர் தீர்த்துக்கொண்டிருக்கலாம். ஒரே கூடத்துப் பயில்வான்களைப் போட்டியில் மோத விடமாட்டார்கள். ஒரே சோறு தின்கிறவர்களாம், விட்டுக்கொடுத்துவிடுவார்களாம். யார் யாருக்கு விட்டுக்கொடுப்பது? பல்கலைக்கழகத்திலிருந்து நேராகப் பாதி ஏணியில் வந்து இறங்கியவன் ஹயாசே. வயது இருபத்து நாலு. வந்து இரண்டே வருஷம். அவன் குளித்த பிறகுதான் தெத்சுமினே குளிக்க வேண்டும். அவன் சாப்பிட்டு எழுந்த பிறகு சட்டியில் மிஞ்சிய முட்டைக்கோசும் குழம்பும்தான் இவனுக்கு. போதாததற்கு அவனை ‘நீங்க, வாங்க’ என்று வேறு பேச வேண்டும்.

கடைசி நாளான அந்த ஞாயிற்றுக்கிழமை அரங்கத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் பட்டத்துக்காக வந்தவர்கள். முதல் அடுக்கில் இரண்டு பேர் பன்னிரண்டு வெற்றியோடு சமமாக நின்றார்கள்; ஊர் முழுக்க அதே பேச்சு. அடிவரிசையில் ஒருத்தன் பிழைப்பு ஊசலாடுகிறதென்று எவனுக்குக் கவலை.

உடைமாற்றும் அறையில் தெத்சுமினே ஹயாசேயின் பின்னால் நின்று பட்டுத் துணியைச் சுற்றி, முழங்காலை அவன் முதுகில் கொடுத்து இறுக்கினான். ஹயாசேயின் கழுத்தெல்லாம் வியர்வை. திரும்பாமலேயே கேட்டான்.

“அண்ணே, இன்னிக்கு எனக்கு நுமானோ. நீங்க அவன்கூட மோதியிருக்கீங்கள்ல? எப்படி வருவான்?”

தெத்சுமினேவின் கை நின்றது. நுமானோவோடு மூன்று முறை மோதியிருக்கிறான். ஜெயித்தே தீர வேண்டிய நாளில் நுமானோ எழுந்ததும் பக்கவாட்டில் தாவிவிடுவான். பாய்ந்து வருகிறவன் மண்ணைக் கவ்வுவான். அடுக்கை விட்டு விழாத உயரத்தில் இருந்தாலும் அவனுக்கும் இன்று ஏழுக்கு ஏழு. நேராக வருவான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், வேலை முடிந்தது. பதினொரு வருஷத்துச் சோறும், உடைந்து ஒட்டிய விரல்களும் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லு சொல்லு என்றன. இந்த நிலைமைக்குத் தன்னைக் கொண்டுவந்து நிறுத்தியவர்கள் எல்லார்மேலும் அவனுக்கு ஆத்திரம் வந்தது. ஹயாசே கேட்காமலாவது இருந்திருக்கலாம்.

“தாவுவான்,” என்றான். “இடது பக்கம். ஆனா நீங்க அதுக்காகத் தயங்காதீங்க. நேராவே போங்க, தலையை மட்டும் குனிஞ்சிடாதீங்க.”

ஹயாசே தலையாட்டினான். அவன் காதில் முதல் வார்த்தைதான் விழுந்திருக்கிறது என்பது ஆட்டத்தில் தெரிந்தது. கைகளை மண்ணில் வைத்தார்கள். எழுந்தார்கள். ஹயாசே பாதி எழுந்து, உள்ளங்கைகளை விரித்துக்கொண்டு, இடது பக்கம் பார்த்துக் காத்திருந்தான். நுமானோ தாவவில்லை. அந்தப் பயந்த கண்ணைப் பார்த்த பிறகு எதற்குத் தாவ வேண்டும்? நேராக வந்து நெஞ்சில் மோதினான். இரண்டு விநாடியில் ஹயாசே வட்டத்துக்கு வெளியே.

புதன்கிழமை காலை சுமோ சங்கத்திலிருந்து தொலைபேசி வந்தது. தெத்சுமினே ஏறிவிட்டான். நிருபர்கள் வந்தார்கள், கடைக்காரர்கள் மீன் அனுப்பினார்கள். கூடத்தில் மட்டும் எவனும் அவன் முகத்தைப் பார்த்துச் சிரிக்கவில்லை. ஹயாசே என்ன கேட்டான், இவன் என்ன சொன்னான் என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது; ‘தாவுவான்’ என்ற பாதி மட்டும் தெரிந்திருந்தது. சமையல் முறைக்காரர்கள் வெங்காயத்தாள் அரிந்துகொண்டே கிசுகிசுத்தார்கள். இவன் உள்ளே போனால் கத்திச் சத்தம் மட்டும் கேட்டது.

அதையும் பொறுத்துக்கொண்டிருப்பான், கூடத்தின் வாத்தியார் செய்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டு, தன் கையாலேயே சாக்கே மது ஊற்றிக் கொடுத்தார்.

“முப்பது தாண்டினா உடம்பு மட்டும் பத்தாதுப்பா, மூளையும் வேணும். நான் ஒண்ணும் கேக்கல. நீயும் ஒண்ணும் சொல்ல வேணாம்.”

திட்டியிருந்தால் மறுத்திருக்கலாம். பாராட்டை எப்படி மறுப்பது? சொல்ல வாயெடுத்தான், பெரிய மனுஷர் கையைக் காட்டி அடக்கி, கண்ணைச் சிமிட்டினார். செய்யாத துரோகத்துக்குக் கிடைத்த சாக்கேயைக் குடிக்காமல் வைத்துவிட்டு வந்தான். யோக்கியனாக இருந்ததற்கு இந்தக் கூடத்தில் கிடைக்கும் மரியாதை இதுதானா என்று கொதித்தான்.

ஓய்வு வாரம் முடிந்த முதல் காலை, ஹயாசே ஓரமாக வந்து நின்று தாழ்ந்த குரலில் பேசினான். தான் செய்ததை அண்ணன் ஒத்துக்கொண்டால் போதுமாம், மனதில் வைத்துக்கொள்ள மாட்டானாம்.

“சொல்லிடுங்க அண்ணே. நானும் உங்க இடத்துல இருந்தா அதைத்தான் செஞ்சிருப்பேன்.”

தெத்சுமினேவுக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. இந்தப் பயலுக்கு, தெத்சுமினே துரோகியாக இருந்தே ஆக வேண்டும். இல்லையென்றால் பயந்து நின்று தோற்றவன் அவனே என்றாகிவிடும். கோதாவில் இறங்கி, அவனைக் கைகாட்டி அழைத்தான். புதிய தரவரிசைத் தாள் வரும்வரை பழைய மரியாதைதான்: ஹயாசேவுக்கு வெள்ளைத் துணி, இவனுக்குக் கறுப்பு.

நேராகப் பாய்ந்தான். ஹயாசே பாதி எழுந்து பக்கத்தைப் பார்த்தான், சுவரில் போய் மோதினான். மறுபடி அழைத்தான். மறுபடியும் நேராக. மறுபடியும் அவன் பாதி எழுந்தான், பறந்தான். ஐந்து, ஆறு, ஏழு. ஒரு தடவைகூட இவன் தாவவில்லை. ஒரு தடவைகூட அவன் தாவலை எதிர்பார்க்காமல் எழவில்லை. வாத்தியார் செய்தித்தாளை மடித்து வைத்தார். சமையல் முறைக்காரர்கள் வாசலில் வந்து நின்றார்கள்.

“இன்னும் வாங்க,” என்றான் தெத்சுமினே. “இன்னும் எத்தனை தடவை பயப்படப் போறீங்கன்னு எல்லாரும் பாக்கட்டும்.”

ஹயாசேயின் முகம் சிவந்தது. இந்த முறை பக்கம் எதையும் பார்க்கவில்லை. குரலெழுப்பிக்கொண்டு முழு உடம்போடு வந்தான். அந்த மோதலில் தெத்சுமினேவின் உதடு கிழிந்தது. கால் மண்ணைப் பிடிக்காமல் வழுக்கியது. வட்டத்துக்கு வெளியே மல்லாந்து விழுந்தான்.

ஹயாசே மூச்சு வாங்கியபடி, அவனைத் தூக்கிவிடக் கை நீட்டினான். தெத்சுமினே அந்தக் கையைத் தட்டிவிட்டு, வாயிலிருந்த ரத்தத்தைத் துப்பினான்.

“இதே மாதிரி ஞாயித்துக்கிழமை போயிருந்தா,” என்றான், “நான் இன்னும் உனக்குத் துணி கட்டிக்கிட்டு இருந்திருப்பேன்டா.”