ஐம்பத்திநான்காவது மணி

யாரும் தொடாமலே அந்த மாலை அறுந்து விழுந்தது. காலை ஒன்பது மணி இருக்கும். சின்னவள் மேசையில் குனிந்து ஒரு காப்புக்குக் கொக்கி மாட்டிக்கொண்டிருந்தாள். ஜன்னலோரம் மரக்கழுத்தில் பார்வைக்கு மாட்டியிருந்த கருநீலச் சதுர மணி மாலை திடீரென்று சடசடவென்று தரையெங்கும் சிதறியது. மின்விசிறிகூட ஓடவில்லை.

அக்கா தங்கை இருவரும் வீட்டு முன்னறையிலேயே கல்மணி நகை செய்து விற்பவர்கள். கல்லைப் பார்த்து வாங்குவது பெரியவள். கோப்பது சின்னவள். ஆறு வருஷமாக அப்படித்தான் வண்டி ஓடுகிறது.

பெரியவள் சமையலறையிலிருந்து ஈரக் கையோடு வந்தாள். மணிகளை விட்டுவிட்டு நூலைத்தான் முதலில் எடுத்தாள். வெளிச்சத்தில் பிடித்து லென்ஸ் வைத்துப் பார்த்தாள். நூல் நைந்து பிரியவில்லை. பிளேடால் அறுத்தது போல் வெட்டு நேராக இருந்தது. இன்னும் நாலைந்து இடங்களில் பாதி வெட்டு விழுந்திருந்தது.

"துளையெல்லாம் ராவினியா?"

சின்னவள் கொக்கியை மேசைமேல் வைத்தாள்.

"உன்னத்தான் கேக்கறேன்."

"இந்த லாட் மட்டும் ராவல. அவசரமா கேட்டாங்க. துளை சுத்தமாத்தான் தெரிஞ்சுது."

உருண்டை மணியாக இருந்தால் கொஞ்சம் அசிரத்தையாக இருந்தாலும் தப்பிக்கலாம். பகடை மாதிரி ஆறு பக்கமும் தட்டையான மணி அப்படியல்ல. கழுத்து திரும்பும்போதெல்லாம் ஒன்றின் முகம் அடுத்ததின் முகத்தில் உரசும். துளையின் விளிம்பு கூராக இருந்தால் நடுவில் மாட்டும் நூலை அரிந்துகொண்டே இருக்கும்; சும்மா தொங்கினாலும் கல்லின் கனமே போதும். அதனால்தான் ஊசி அரத்தை விட்டுத் துளை வாயை ராவி மழுங்கடிக்க வேண்டும். மணிக்கு மணி நடுவே முடிச்சும் போட வேண்டும். முடிச்சு இருந்தால் அறுந்தாலும் ஒரு மணிதான் விழும். சின்னவள் முடிச்சையும் போடவில்லை. இடைவெளி இல்லாமல் ஒட்டி நின்றால் ஒரே கற்பாளம் மாதிரி அழகாக இருந்தது. அந்த அழகுக்காக விட்டுவிட்டாள்.

"எத்தன வித்திருக்கு?"

"மூணு."

இரண்டு பேருக்குப் போன் போட்டார்கள். ஒருத்தி அதை இன்னும் பெட்டியிலிருந்தே எடுக்கவில்லை. இன்னொருத்தி முனகிக்கொண்டே திருப்பித் தருவதாகச் சொன்னாள். மூன்றாவது மாலை வாடிக்கைக்கார டீச்சர் ஒருத்தியிடம் இருந்தது. போன் அடித்து அடித்து ஓய்ந்தது.

டீச்சர் வந்துபோனது சின்னவளுக்கு ஞாபகம் வந்தது. போன வாரம் ஒன்பது மாதக் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்திருந்தாள். குழந்தை எட்டியதையெல்லாம் பிடித்து வாய்க்குக் கொண்டுபோனது. "இவ இழுத்தா அறுந்துடுமாங்க?" என்று டீச்சர் கேட்டாள். யானையைக் கட்டி இழுத்தாலும் அறாது என்று இவள் சொன்னாள். அக்காவும் சேர்ந்து மூவரும் சிரித்தார்கள்.

"அக்கா, அவங்க வீட்ல குழந்த இருக்கு."

பெரியவள் அடுப்பை அணைத்தாள். "செருப்ப மாட்டு."

வீடு நாலு தெரு தள்ளி மூன்றாவது மாடியில் இருந்தது. டீச்சரின் கணவன்தான் கதவைத் திறந்தான். இவர்களை அடையாளம் கண்டதும் முகத்தைச் சுளித்தான்.

"நானே கூப்பிடணும்னு இருந்தேன். நேத்து சாயங்காலம் உங்க மாலை அறுந்துபோச்சு. எல்லாத்தையும் பொறுக்கி வெச்சிருக்கோம்."

ஒரு சின்ன எவர்சில்வர் டப்பாவைக் கொண்டுவந்து நீட்டினான். உள்ளே படுக்கையறையில் குழந்தை அழுதுகொண்டிருந்தது. ஓங்கி அழும் அழுகையாக இல்லை. மூச்சுக்கு நடுவே இழுத்து இழுத்து வந்தது.

"குழந்தைக்கு என்ன?" என்றாள் பெரியவள்.

"பல்லு மொளைக்குது போல. ராத்திரிலேர்ந்து பால் குடிக்க மாட்டேங்கறா. எச்சி ஒழுகிட்டே இருக்கு."

சின்னவள் தரையில் உட்கார்ந்து டப்பாவைக் கவிழ்த்தாள். பத்துப் பத்தாகப் பிரித்தாள். ஐந்து வரிசை வந்து மூன்று மிஞ்சியது. கலைத்துவிட்டு மறுபடி எண்ணினாள். விரல் தட்டி ஒரு மணி உருண்டு கதவோரம் போனது. அதையும் எடுத்து வைத்து எண்ணினாள்.

"ஐம்பத்திமூணுதான் இருக்கு," என்றாள். "நான் கோத்தது ஐம்பத்திநாலு."

"சோபா அடியில எங்கயாவது கெடக்கும்," என்றான் அவன். சொல்லி முடிப்பதற்குள்ளேயே அவன் கண் படுக்கையறைப் பக்கம் போய்விட்டது.

டீச்சர் குழந்தையைத் தோளில் போட்டபடி அறை வாசலில் நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. அவள் ரவிக்கைத் தோள்பட்டை முழுக்க எச்சிலால் நனைந்திருந்தது. அந்த ஈரத்தில் ஓர் இடம் இளஞ்சிவப்பாக இருந்ததை முதலில் பார்த்தவள் பெரியவள்தான்.

"ஆஸ்பத்திரிக்குப் போலாம். இப்பவே."

எக்ஸ்ரே படத்தை டாக்டரம்மா விளக்குப் பலகையில் மாட்டினாள். யாரும் விளக்கத் தேவையில்லாமல் இருந்தது. சின்னச் சின்ன எலும்புகளுக்கு நடுவே, தொண்டைக்குக் கீழே, ஸ்கேல் வைத்து வரைந்தது போல் ஒரு சதுரம்.

"உணவுக் குழாய்ல குறுக்க நிக்குது. உருண்டையா இருந்தா பெரும்பாலும் வழுக்கிட்டுப் போயிருக்கும். இது மூலை குத்தி நிக்குது. மயக்க மருந்து குடுத்துத்தான் எடுக்கணும்," என்றாள் டாக்டரம்மா.

குழந்தையை உள்ளே கொண்டுபோனார்கள். கதவு மூடியது. நால்வரும் தாழ்வாரத்து பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்தார்கள்.

"அப்பவே சொன்னேன்," என்று ஆரம்பித்தான் கணவன். குரலை உயர்த்தவில்லை. "கைக்குழந்தய வெச்சுக்கிட்டு இதெல்லாம் மாட்டாதன்னு சொன்னேன். கேட்டியா? அறுந்தப்பவாவது ஒழுங்கா எண்ணிப் பாத்தியா?"

டீச்சர் தலை குனிந்தபடி ஆமாம் ஆமாம் என்பது போல் தலையாட்டிக்கொண்டே இருந்தாள். "பாய்ல விட்டுட்டுப் பொறுக்கினேன்," என்றாள். "ரெண்டு நிமிஷம்தான். அவளப் பாத்துட்டேதான் பொறுக்கினேன்."

பெரியவள் தங்கையின் கையை அழுத்தினாள். இப்போது வேண்டாம் என்கிற அழுத்தம். சின்னவளுக்கு அது புரியாமல் இல்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், பழி அந்த அம்மாமேலேயே நின்றுவிடும். நூல் என்றால் அறும், குழந்தை என்றால் விழுங்கும் என்று எல்லாரும் பேசிவிட்டுப் போய்விடுவார்கள். துளைக்குள் யார் எட்டிப் பார்க்கப்போகிறார்கள்?

கையை விடுவித்துக்கொண்டாள்.

"அவங்களத் திட்டாதீங்க. மாலை தானா அறுந்துபோகல. மணித் துளைய ராவி மழுக்கணும். நான் ராவல. நடுவுல முடிச்சு போட்டிருந்தா ஒண்ணுதான் விழுந்திருக்கும், கையில எடுத்திருப்பீங்க. அதயும் போடல. தெரிஞ்சேதான் விட்டேன்."

கணவன் அவளையே பார்த்தான். அடிக்க வருவான் என்று நினைத்தாள். அவன் எழுந்து தாழ்வாரத்தின் கோடிவரை போய், சுவரைப் பார்த்து நின்றுகொண்டான்.

டீச்சர் தலையை நிமிர்த்தினாள். அவள் கண்ணில் கோபம்கூட இல்லை. அதுதான் சின்னவளுக்குத் தாங்கவில்லை.

"போயிடுங்க," என்றாள். "ரெண்டு பேரும் இங்க இருக்காதீங்க."

போனார்கள். வாசலுக்கு வெளியே ஒரு மரத்தடியில் வெயிலோடு வெயிலாக நின்றார்கள். இருக்காதே என்றவள் முன்னால் நிற்கவும் முடியவில்லை, சேதி தெரியாமல் வீட்டுக்குப் போகவும் முடியவில்லை. ஒன்றரை மணி நேரம் கழித்துப் பெரியவள் மட்டும் உள்ளே போய் நர்ஸிடம் விசாரித்துவிட்டு வந்தாள்.

"எடுத்துட்டாங்களாம். உள்ள கீறியிருக்கு. குழாய்ல ஓட்ட விழுந்திருக்கான்னு ரெண்டு நாள் கழிச்சுத்தான் தெரியுமாம். அதுவரைக்கும் ஒரு சொட்டு வாயில ஊத்தக் கூடாதாம்."

அந்த இரண்டு நாளும் சின்னவள் ஒரு பருக்கை விழுங்கவில்லை. விழுங்கப் போனால் தொண்டையில் மூலைகள் தட்டுப்பட்டன. பெரியவள் திட்டவும் இல்லை, தேற்றவும் இல்லை. அந்த லாட்டை மூட்டை கட்டி வியாபாரியிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

ஐந்தாம் நாள் டீச்சரிடமிருந்து செய்தி வந்தது. "பால் குடித்தாள்." அவ்வளவுதான். சின்னவள் பதில் எழுதினாள், அழித்தாள், மறுபடி எழுதினாள். கடைசியில் ஒன்றும் அனுப்பவில்லை. அப்போது பக்கத்து வீட்டுப் பெண் ஏதோ சாமான் கேட்டு வாசலிலிருந்து கூப்பிட்டாள்; ஜன்னலில் பார்த்தால் இடுப்பில் குழந்தை. சின்னவள் எழுந்து, மேசைமேல் இருந்த மணித் தட்டுகளை ஒவ்வொன்றாக அலமாரியின் மேல் தட்டில் ஏற்றிவிட்டு, அதற்குப் பிறகுதான் கதவைத் திறந்தாள்.