சந்தூக்குக்கு அடியில்

கிளப் அனுப்பியிருந்த மலர்ப் பலகையைத் தர்மினி சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தாள். 'எங்கள் அருமை முன்கள வீரர் கஸ்மூரிக்கு' என்று அதில் கொட்டை எழுத்தில் இருந்தது. அருமையாம். உயிரோடு இருந்தவரை ஒருத்தன் இந்த வாசலை மிதிக்கவில்லை.

அண்ணன் கஸ்மூரி ஒரு காலத்தில் சோலோ நகரத்தையே எழுந்து நின்று கத்த வைத்தவன். பந்து காலில் ஒட்டிக்கொண்டால் இரண்டு பேரையாவது தாண்டாமல் விடமாட்டான். அந்த இறுதி ஆட்டத்தில் மட்டும், காலியாகக் கிடந்த கோலுக்கு வெளியே அடித்துவிட்டான். மேனேஜர் ஹந்தோயோ மைதானத்திலேயே பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டு, "ஆட்டத்தை எவனுக்கு வித்தான்னு அவனையே கேளுங்க" என்றார். தீர்ந்தது கதை. அதன்பின் எந்தக் கிளப்பும் அவனைச் சேர்க்கவில்லை. சோற்றுக்கடை போட்டான். சாப்பிட வந்தவர்களே, "இன்னிக்கு ஆட்டம் என்ன விலைண்ணே?" என்று கேட்டுச் சிரித்தார்கள். முழங்காலை மடக்க முடியாமல் கடைசிவரை முக்காலியில் உட்கார்ந்துதான் தொழுதான். அந்த முழங்காலுக்கு இறுதி ஆட்டத்துக்கு முன்னால் மரத்துப்போகிற ஊசி போடச் சொன்னது யாரென்று தர்மினிக்குத் தெரியும். அண்ணன் சொல்லியிருந்தான். வெளியே சொன்னால் நம்பத்தான் ஆளில்லை.

"பாக் ஹந்தோயோ வந்திருக்காரு," என்றார் பசுகி. கஸ்மூரியோடு ஆடிய பழைய கோல்கீப்பர்; மேனேஜரை இன்னும் 'பாக்' என்று, ஐயா போட்டுத்தான், சொல்வார். "திருப்பி அனுப்பிடவா, தர்மினி?"

"வரட்டும். டீ குடுங்க. சர்க்கரை தூக்கலா போடுங்க."

வெள்ளைச் சட்டை, கறுப்புத் தொப்பி, கூடவே இரண்டு கேமராக்காரர்கள். இமாம் பேசி முடித்ததும் ஹந்தோயோ யாரையும் கேட்காமல் மைக்கை வாங்கினார்.

"கஸ்மூரி எனக்கு வெறும் ஆட்டக்காரன் இல்ல. என் பிள்ளை மாதிரி. இந்தக் குடும்பம் என் குடும்பம்."

அந்தச் சொல்லைக் கேட்டதும்தான் தர்மினிக்கு யோசனை வந்தது. எழுந்து போய், அவர் கையிலிருந்து மைக்கைப் பணிவாக வாங்கிக்கொண்டாள்.

"எல்லாரும் கேட்டீங்கல்ல? பாக் ஹந்தோயோ எங்க குடும்பமாம். அப்ப முதல்ல அவரே அடியில போகட்டும்."

இறந்தவரின் உடலான மய்யித்தை வைத்த சந்தூக்குப் பெட்டியை முற்றத்தில் உயர்த்திப் பிடிக்க, குடும்பத்தார் அதன் அடியில் குனிந்து மூன்று முறை கடப்பது அங்கே வழக்கம். பெரியவர்களுக்குச் சின்னவர்கள் செய்கிற மரியாதை அது. ஒரு மேனேஜர் ஆட்டக்காரனுக்குக் குனிந்து யாரும் பார்த்ததில்லை.

"எனக்கு வயசாயிடுச்சும்மா. முட்டி வேற..."

"முட்டியா பாக்? ஒரு ஊசி போட்டுக்கலாமே."

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். கேமராக்கள் அவர் பக்கம் திரும்பின. குடும்பம் என்று சொன்ன வாய். இனி எப்படி மறுப்பது?

பசுகியும் பழைய ஆட்டக்காரர்களும் சந்தூக்கைத் தோளுக்குத் தூக்கினார்கள். முதல் முறை ஹந்தோயோ தலையைத் தாழ்த்திக் கடந்துவிட்டார். இரண்டாவது முறை அவர் அடியில் நுழைந்ததும் தர்மினி பசுகியைப் பார்த்தாள். சந்தூக்கு இடுப்பளவுக்கு இறங்கியது. தூக்கியவர்கள் கால்களை நெருக்கி வைத்து வழியை அடைத்து நின்றார்கள். ஹந்தோயோ இரண்டு கைகளையும் தரையில் ஊன்றிவிட்டார். தொப்பி கழன்று விழுந்தது.

"மய்யித்தை வெச்சுக்கிட்டு இதெல்லாம் வேணாம்மா," என்றார் இமாம்.

"மய்யித்துக்காகத்தான் ஹஸ்ரத் கேக்கறேன்." தர்மினி குந்தி உட்கார்ந்து மைக்கை ஹந்தோயோவின் வாயருகே நீட்டினாள். "எங்கண்ணன் ஆட்டத்தை வித்தானா?"

ஒலிபெருக்கியில் மூச்சிரைப்பு மட்டும் கேட்டது.

"மெதுவா சொல்லுங்க பாக். தூக்கியிருக்கறவங்க எல்லாம் தெம்பான ஆளுங்கதான்."

"விக்கல," என்றார் அவர். தர்மினி மைக்கை எடுக்கவில்லை. "கால் மரத்துப் போயிருந்துச்சு. ஊசி போடச் சொன்னது நான்தான்."

சோற்றுக்கடையில் சிரித்தவர்கள் தரையைப் பார்த்தார்கள். சந்தூக்கு மேலே ஏறியது. ஹந்தோயோ தவழ்ந்து வெளியே வந்து, தொப்பியை எடுத்துக்கொண்டு சந்து முனையில் நின்ற காரை நோக்கி நடந்தார்.

"பாக்," என்று தர்மினி மைக்கில் கூப்பிட்டாள். "இன்னும் ஒரு தடவை இருக்கு."

யாரும் சந்தூக்கை இறக்கவில்லை. ஹந்தோயோ தொப்பியைக் கையிலேயே வைத்துக்கொண்டு திரும்பி வந்தார்.