முப்பத்திரண்டாவது வண்டு

செத்துப் பதினொரு நாளான வண்டின் முதுகில் செவ்வாய்க்கிழமை காலை எட்டாவது புள்ளி முளைத்தது. அருங்காட்சியகத்தின் பூச்சிப் பிரிவில் எல்லோரும் வண்டுக்காரி என்று கூப்பிடும் பெண், அப்போது அதன் விவரணத்தை எழுதிக்கொண்டிருந்தாள். நீளம் ஒன்பது மில்லிமீட்டர், நிறம் கருநீலம், மஞ்சள் புள்ளிகள் ஏழு என்று எழுதிய மை இன்னும் காயவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி எண்ணினாள். எட்டு. உலகம் அதுவரை பார்த்திராத அந்த வண்டை அவள் கண்டெடுத்தது அலுவலகக் கழிவறையின் ஜன்னல் விளிம்பில், சோப்புப் பெட்டிக்குப் பக்கத்தில். அடுத்த அறையில் இயக்குநர் தொலைபேசியில், "காட்டுல மூணு நாள் அலைஞ்சு புடிச்சேன்" என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டையும் அவள் முடிச்சுப் போடவில்லை.

மறுநாள் பத்து. புதிய இனத்தின் விவரணம் ஊசியில் குத்தி வைத்த வண்டோடு அச்சாகப் பொருந்த வேண்டும். இல்லாவிட்டால் ஆய்விதழ் திருப்பி அனுப்பிவிடும். அவள் அடித்து அடித்து எழுதினாள். தரை துடைக்க வந்த துப்புரவுக்காரி உருப்பெருக்கியில் எட்டிப் பார்த்தாள்.

"என்ன மேடம், உங்க வண்டுக்கு அம்மை போட்டிருக்கு?"

"அதுக்கெல்லாம் அம்மை வராதுக்கா."

"எனக்கு ஒட்டிக்கிட்டா? முப்பத்தஞ்சு வயசுதான் ஆகுது, மூஞ்சி போயிடும்."

பதினொன்றாவது புள்ளி இருவர் கண்ணெதிரே மெல்லப் படர ஆரம்பித்தது. "சரி சரி, நாப்பத்தேழு" என்றாள் துப்புரவுக்காரி, வண்டைப் பார்த்து. வண்டு விட்டுக்கொடுக்கவில்லை. செவ்வாய்க்கிழமை இயக்குநர் தொலைபேசியில் அலைந்த காடு வண்டுக்காரிக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

சாயங்காலத்துக்குள் கட்டடம் முழுக்கத் தெரிந்துவிட்டது. அந்த அறையைத் தாண்டும்போது ஆட்கள் பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள். பத்தொன்பது ஆண்டுகளில் அவள் எழுதிய முப்பத்தொரு வண்டுகளும் இயக்குநர் பெயரில்தான் அச்சேறியிருந்தன. வெள்ளிக்கிழமை அடுத்ததை வாங்க வந்தவர், ஜாக்கிரதையாகக் கேள்வி மட்டும் கேட்டார்.

"இதையும் என் பேர்லயே அனுப்பிடலாமா? உனக்கு வருத்தம் ஒண்ணும் இல்லையேம்மா?"

"சேச்சே, பரவாயில்ல சார்."

வாய் பழகிப்போயிருந்தது. உருப்பெருக்கியின் கீழே ஒரு புள்ளி விரிந்தது, விரிந்துகொண்டே போனது. இயக்குநரின் காட்டுக்கு முளைத்த புள்ளியை அது சுலபமாக விழுங்கியிருக்கும். அவளுக்கு முகம் சுட்டது. இத்தனை நாள் அடுத்தவர் பொய்யைத்தான் எண்ணிக்கொண்டிருந்தாள். தன்னுடையது இவ்வளவு சதை போட்டிருக்கும் என்று நினைக்கவில்லை. அந்த வார்த்தையைப் பணிவு என்றே அவள் நம்பி வந்திருந்தாள்.

"இல்ல சார், வருத்தம்தான்" என்றாள். "கண்டெடுத்தது நான். எழுதினதும் நான். என் பேர்லதான் போகணும்."

இருவரும் குனிந்து பார்த்தார்கள். ஒன்றும் முளைக்கவில்லை. இயக்குநர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். வண்டின் வால் பக்கம் இன்னும் ஒரு புள்ளிக்கு இடமிருந்தது. வாயை மூடிக்கொண்டு போய்விட்டார்.

விவரணம் அவள் பெயரிலேயே போனது. புள்ளிகள் ஏழில் தொடங்கும், அருகில் பேசப்படும் பொய் ஒன்றுக்கு ஒன்று கூடும் என்று எழுதியிருந்தாள். ஆய்விதழ்க்காரர்கள் அதில் குறை ஒன்றும் காணவில்லை. புள்ளிகள் எல்லாம் ஒரே அளவா என்று மட்டும் கேட்டிருந்தார்கள். 'ஒன்று மட்டும் சற்றுப் பெரியது' என்று பதில் எழுதினாள். வண்டை ஒருமுறை பார்த்தாள். 'சற்று' என்பதை அடித்தாள்.